தரையில் ஒரு கீபோர்டு

தேவஇரக்கம் சாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் ஆசிரியர் அறையில் அனுசியா டீச்சர் சிரித்துவிட்டாள். அந்த மனுசனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேட்டதில் தப்பில்லை. அவர் சாதித்தது, கிழித்தது என்று சொல்ல எதுவும் இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பேப்பரில் அவர் படம் வந்தது. அந்தப் படம் எடுத்த நாள்தான் அவர் வாயில் மண் விழுந்த நாள். அதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கல்பனா. ராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். தேவஇரக்கம் சாரும் நானும் ஒரே வருஷம் பி.எட். படித்தவர்கள். எனக்குப் பரீட்சை எழுதி நிரந்தர வேலை கிடைத்தது. அவர் பகுதிநேரப் பயிற்றுநராக உள்ளே போனார், தலை நரைத்த பிறகும் பகுதிநேரமாகவே இருக்கிறார். வத்திராயிருப்புக்கு அப்பால், மலையை ஒட்டின ஒரு ஊரில் அவர் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எழுதுவது நானாக இருந்தாலும் மெமோ அவருக்குத்தான் போகும்.

வாரத்தில் மூன்று நாள், அதுவும் அரை அரை நாள், சின்ன வகுப்புகளுக்கு மட்டும் பாடம் எடுக்க வேண்டும் என்பதுதான் அவர் வேலை. ஆனால் அந்தப் பள்ளிக்கு பிளஸ் டூ கம்ப்யூட்டர் ஆசிரியர் என்று வந்தவர் மலையைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், மாறுதல் வாங்கிக்கொண்டு மதுரைக்கு ஓடிவிட்டார். தலைமையாசிரியர் பால்ச்சாமி, "தேவஇரக்கம், நீங்களே செத்த நேரம் பாத்துக்கோங்க, ஆள் வந்துரும்" என்றார். செத்த நேரம் என்று சொல்லி ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஆள் வரவில்லை. முழு நாளும் பள்ளியில் நிற்கிறார், கணக்கில் அரை நாள்தான்.

மற்ற நாட்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மனு டைப் அடிப்பார். பட்டா மாறுதல், வாய்க்கால் தகராறு, ஜீவனாம்சம், எதைச் சொன்னாலும் சொல்லி முடிப்பதற்குள் தமிழில் அடித்துக் கொடுத்துவிடுவார். அவர் அடித்த மனுவால் காரியம் ஆனவர்கள் திரும்பி வந்து பால்கோவா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன். தன் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவர் அடித்த மனுவுக்குத்தான் பதில் வந்ததே இல்லை. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி.

அந்தப் பள்ளியில் ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் லேப் இருந்தது. பாதி மிஷின் இடி இறங்கியதில் போனது. மீதியை மலையிலிருந்து வந்த குரங்குகள் பார்த்துக்கொண்டன. ஓடு பிரித்து இறங்கி வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயின. அதற்குப் பிறகு அந்த அறையில் இலவசப் புத்தகப் பை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் பாடம் இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. செய்முறைத் தேர்வு எப்படி நடந்தது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். நடந்தது.

மனுசன் சும்மா இருக்கவில்லை. பிரேயர் நடக்கிற சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பால் ஒரு பெரிய கீபோர்டு வரைந்தார். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பிள்ளை நிற்கிற அளவு. 'அம்மா' என்று அடிக்கச் சொன்னால் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து தாவ வேண்டும். ஷிஃப்ட் என்றால் ஒரு பிள்ளை அதன் மேல் நின்றுகொண்டே இருக்கும், இன்னொன்று போய் எழுத்தின் மேல் குதிக்கும். புரோகிராமுக்கு ஒரு டிபன் பாக்ஸ். அதில் புளியங்கொட்டையைப் போட்டும் எடுத்தும் கணக்குப் பார்ப்பார்கள். லூப் என்றால், அதாவது சொன்ன எண்ணிக்கை வருகிற வரைக்கும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது என்றால், வேப்பமரத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஒரு பிள்ளை ஓட, இன்னொரு பிள்ளை ஒவ்வொரு சுற்றுக்கும் பாக்ஸில் ஒரு கொட்டையைப் போடும், அது போட மறந்தால் ஓடுகிற பிள்ளை மயக்கம் வருகிற வரைக்கும் ஓட வேண்டியதுதான். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது அல்லவா? எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பானுப்பிரியா கதை தெரிந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பானுப்பிரியா அந்தத் தரையில் குதித்துப் படித்த பிள்ளை. கம்ப்யூட்டரில் பள்ளியிலேயே முதல் மார்க். ராஜபாளையத்தில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸே எடுத்துச் சேர்ந்தாள். முதல் நாள் லேபில் எல்லாப் பிள்ளைகளும் மடமடவென்று அடிக்க, இவள் முன்னால் இருந்த திரை மட்டும் கறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் திரை அணைந்துவிடும், மவுஸை லேசாக அசைத்தால் வந்துவிடும். இது நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வழியில்லை. அவள் படித்த கீபோர்டு ஒருநாளும் தூங்கியதில்லை. பக்கத்தில் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கீபோர்டில் விரலை வைத்தபடி மணியடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வகுப்பிலும் அதே கதை. பிறகு அவள் லேபுக்குப் போகவில்லை. அதற்கும் பிறகு காலேஜுக்கே போகவில்லை. இப்போது சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறாள்.

ஒருநாள் பஸ்ஸில் தேவஇரக்கம் சாரைப் பார்த்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாளாம். "மிஷினு செத்துக் கெடக்குன்னு நெனச்சிட்டேன் சார்." இதை என்னிடம் சொல்லும்போது அவர் அழுதுவிட்டார். கோர்ட் வாசலில், டீக்கடை முன்னால், இத்தனை ஜனம் பார்க்க அழுதார். நான்தான் பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்றார். அன்றிலிருந்து அவருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை, நிரந்தர வேலை கூட வேண்டியதில்லை. தன் பிள்ளைகள் உசுருள்ள ஒரு கம்ப்யூட்டரில் கை வைத்துவிட்டுப் பள்ளியை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஆடி முடிந்த சமயம் கருத்தரங்கு அறிவிப்பு வந்தது. 'கணினி ஆசிரியர்களுக்கான பணித்திறன் மேம்பாட்டுக் கருத்தரங்கு.' சென்னையிலிருந்து ஒரு தொண்டு அமைப்பு வந்து நடத்துகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். கம்ப்யூட்டர் இல்லாத பள்ளிகளுக்கு அங்கேயே கம்ப்யூட்டர் கொடுக்கப்போகிறார்கள் என்றும் பேச்சு வந்தது. தேவஇரக்கம் சார் அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்து, பேச ஒரு இடம் வேண்டும் என்றார்.

இந்த மாதிரிக் கூட்டங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். குறை சொல்லக்கூடாது. யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை, ஆனாலும் கூடாது. யாராவது எழுந்து லேபில் கரண்ட் இல்லை என்றால் மேடையில் இருப்பவர்கள் அவரைப் பார்க்கிற பார்வையிலேயே அடுத்து எழுந்திருக்க நினைத்தவர் உட்கார்ந்துவிடுவார். பேச வேண்டுமானால் 'சிறந்த நடைமுறைகள்' என்று ஒரு பகுதி உண்டு. நம் பள்ளியில் நாம் செய்கிற நல்ல காரியத்தைச் சொல்லலாம். அதில் தன் பெயரைக் கொடுத்தார் தேவஇரக்கம் சார். தரைக் கீபோர்டைச் செய்து காட்டுவது, கடைசியில் பானுப்பிரியா கதையைச் சொல்லி முடிப்பது. அதைக் கேட்ட பிறகும் கம்ப்யூட்டர் தராமல் இருக்க அவர்களுக்கு மனசு வருமா என்று அவர் கணக்கு. வராது என்றுதான் நானும் நினைத்தேன். அழுத பிள்ளைக்குத்தானே பால்?

கருத்தரங்கு நாள் காலையில் நான் மண்டபத்துக்குள் நுழையும்போது அவர் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அங்கே அட்டைப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பள்ளியின் பெயர் தடித்த மார்க்கரில். அவர் ஒரு அடுக்கின் மேல் கையை வைத்திருந்தார். எடுக்கவே இல்லை.

"டீச்சர், எங்க ஸ்கூல் பேரு," என்றார். "எழுதியே வச்சிட்டாவ டீச்சர்."

சந்தோஷத்தில் நான் அவர் முதுகில் ஒன்று வைத்தேன். இனிமேல் எதற்கு மேடை, பேசாமல் வந்து உட்காருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. பெயர் கொடுத்தாயிற்று, நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தாயிற்று, பின்வாங்கினால் மரியாதையாக இருக்காது என்றார். ஆனால் பானுப்பிரியா கதையை மட்டும் விட்டுவிடுவதாகச் சொன்னார். "அவிய குடுக்கேன்னு கொண்டாந்து வச்சிட்டாவ. பொறவு அதச் சொன்னா கல்யாண வீட்டுல எழவு பேசுன மாதிரி ஆயிரும்."

அங்கேதான் எல்லாம் போச்சு. அப்போது எனக்குத் தெரியவில்லை.

காலையில் சென்னையிலிருந்து வந்தவர்கள் செயற்கை நுண்ணறிவு, எதிர்கால வகுப்பறை என்று படம் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேர் தூங்கினோம், பாதிப் பேர் போன் பார்த்தோம். பிறகு தேவஇரக்கம் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் மைக்கைத் தொடவில்லை. நாற்காலிகளை ஒதுக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து மண்டபத் தரையில் கீபோர்டை வரைந்தார். அழ வந்த ஆள் சந்தோஷமாக இருந்தார். பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பாரோ அப்படியே நின்றார்.

பட்டுச் சேலை கட்டி வந்த டீச்சர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதித்தோம். சாத்தூர்ப் பக்கத்துப் பாண்டிதுரை சார் நல்ல கனம், அவரை ஷிஃப்டில் நிறுத்தி வைத்தார். என்னை லூப் ஓடவிட்டார். மணமேடையைச் சுற்றி நான் ஓட, பக்கத்துப் பள்ளி ஹரிகிருஷ்ணன் சார் டிபன் பாக்ஸில் கொட்டை போட மறந்துவிட, நான் நிற்காமல் ஓடினேன். மண்டபமே சிரித்தது. முதல் வரிசையில் அதிகாரி ஒருவர் இருந்தார், கல்வித் துறையில் பெரிய ஆள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவராகவே எழுந்து வந்து எண்டர் கட்டத்தில் குதித்தார். ஒரு தடவை இல்லை, மூன்று நான்கு தடவை குதித்தார். கைதட்டு அடங்கவில்லை. பேப்பர்க்காரர்கள் போட்டோ எடுத்தார்கள்.

அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். பத்து வருஷத்தில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை என்றார். கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர் ஒருவர் இருக்கும்போது, இல்லை இல்லை என்று மற்றவர்கள் எதற்குப் புலம்ப வேண்டும் என்று கேட்டார். தேவஇரக்கம் சாருக்குப் பொன்னாடை போர்த்தினார். பிறகு அந்தப் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

"சாருக்கு இந்த மிஷின்லாம் எதுக்கு?" என்று சிரித்தார். "அவரு தரையிலயே நடத்திருவாரு. மிஷின் இல்லன்னா தடுமாறிப் போற ஸ்கூலுக்கு இதக் குடுப்போம். என்ன சார், சரிதானே?"

மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார்.

மண்டபம் முழுக்க அவரைப் பார்த்தது. இல்லை சார், வேண்டும் சார், என் பிள்ளை ஒன்று கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து படிப்பையே விட்டது சார் என்று சொல்ல வேண்டும். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பகுதிநேரக்காரர், தோளில் பொன்னாடை, முன்னால் சிரித்த முகத்தோடு அதிகாரி. சேர்ந்த நாளிலிருந்து அதிகாரி கேட்டதற்கு நாங்கள் எல்லாருமே பழகி வைத்திருப்பது ஒரே ஒரு பதில்.

"சரிங்க சார்," என்றார் தேவஇரக்கம்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். ஏன் சார் சரி என்றீர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டு போகவில்லை. கடைசியில், "பொன்னாட போட்டவரு மொகத்துக்கு நேரா எப்பிடி டீச்சர் மாட்டேன்னு சொல்ல?" என்றார். சாப்பிட்ட பிறகாவது தனியாகப் போய்ப் பேசுங்கள், நானும் வருகிறேன் என்றேன். கை கழுவிவிட்டு இரண்டு பேரும் போனோம். அதிகாரி கார் புறப்பட்டுப் போயிருந்தது. மேடைப் பக்கத்தில் ஒருவர் மார்க்கரை வைத்துக்கொண்டு பெட்டிகளில் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னோம். மேலே சொன்னதைத்தான் செய்கிறேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிறகு எங்கள் இருவரையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

தேவஇரக்கம் சார் திரும்பவும் மனு அடித்தார். இரண்டு மூன்று அடித்தார். பால்ச்சாமி சாரிடம் கையெழுத்துக்குப் போனபோது, அவர் பேப்பரில் வந்த படத்தை எடுத்துக் காட்டி, "நீங்களே மேடையில வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டு இப்ப வேணும்னா என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டாராம். அதோடு அந்த மனு நின்றது.

மிஷின் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? இங்கேதான், எங்கள் பள்ளிக்கு வந்தது. ஒருநாள் மத்தியானம் வேன் வந்து நின்றது, பெட்டிகளை இறக்கினார்கள். அவர் பள்ளிப் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதற்குக் கீழே எங்கள் பள்ளிப் பெயரை எழுதியிருந்தார்கள். அடித்த பெயரும் நன்றாகவே படிக்க முடிந்தது. வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று எங்கள் தலைமையாசிரியையிடம் கெஞ்சினேன். வந்த லட்சுமியை எந்த மடச்சி திருப்பி அனுப்புவாள் என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, அவர் வீட்டுப் பாஷையான தெலுங்கில் இந்தச் சந்தோஷத்தைச் சொல்லப் போய்விட்டார்.

சரி, எங்கள் பிள்ளைகளாவது தொட்டார்களா? அதுவும் இல்லை. மேஜை மேல் அடுக்கி, பிளாஸ்டிக் உறையை மூடி, கதவைப் பூட்டியாயிற்று. பெரிய மனுசர் யாராவது வந்து ரிப்பன் வெட்ட வேண்டுமாம். தேதி கேட்டிருக்கிறார்கள். தேதி வரவில்லை. அது வரைக்கும் என்னைக் கூட உள்ளே விடுவதில்லை.

தை மாசம் தேவஇரக்கம் சார் எங்கள் பள்ளிக்கு வந்தார். அவருடைய தரைக் கீபோர்டு முறை எல்லாப் பள்ளிக்கும் போக வேண்டும் என்று உத்தரவு, அதைச் சொல்லிக் கொடுக்க அவரையே கருத்தாளராகப் போட்டுவிட்டார்கள். ஊர் ஊராகப் போய்த் தரையில் கட்டம் போடுகிறார். எங்கள் பள்ளி முற்றத்திலும் சுண்ணாம்பு வாளியும் நூலுமாகக் குனிந்து காலை முழுக்க வரைந்தார். அதே மாதிரி சொல்லிக் கொடுத்தார், அதே இடத்தில் டிபன் பாக்ஸைத் திறந்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மட்டும் ஒரு தடவை கூடச் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் நான் பார்த்த ஆள் இவர் இல்லை.

முடித்துக் கை கழுவப் போகும்போது லேப் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டார். கம்பி வழியாக உள்ளே பார்த்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது. பன்னிரண்டாவது படிக்கிற தன் பிள்ளைகளை ஒரே ஒரு சனிக்கிழமை கூட்டி வரலாமா என்று கேட்டார். அவர்களில் பாண்டிசெல்வி என்று ஒரு பிள்ளை அச்சாகப் பானுப்பிரியா மாதிரியே படிக்கிறாளாம், அவளும் கம்ப்யூட்டர்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன். எங்கள் பிள்ளைகளே இன்னும் தொடவில்லை, வெளியூர்ப் பிள்ளைகள் தொட்டு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். நியாயமான கேள்வி. திரும்பி வந்து அவரிடம் அதைச் சொன்னேன். சரிங்க டீச்சர் என்றார்.

வராந்தாவில் வெறும் அட்டைப் பெட்டிகள் கிடந்தன. ஆடிட் வருகிற வரைக்கும் பெட்டியைக் கூடத் தூக்கிப் போடக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. அதில் ஒன்றைக் காட்டி, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் யாரிடமும் கேட்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்று நானே தூக்கிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தேன். பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பள்ளிப் பெயர், அதன் மேல் கோடு, அதற்குக் கீழே எங்கள் பெயர், எல்லாம் ரோட்டுக்கே தெரிந்தது.

வத்திராயிருப்பு பஸ்ஸில் கண்டக்டர் அவரை வாசலிலேயே நிறுத்தினார். கம்ப்யூட்டர் என்றால் லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தேவஇரக்கம் சார் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு ஏறினார்.

வெறும் பெட்டி உங்களுக்கு எதற்கு சார் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். மடியில் வைத்திருந்த பெட்டியின் முன்பக்கத்தை விரலால் சதுரமாக அளந்து காட்டினார்.

"இந்த எடத்த வெட்டிட்டு உள்ள கறுப்புத் தாளு ஒட்டிருவேன் டீச்சர். பாண்டிசெல்விய முன்னால உக்கார வச்சு, இது செத்துப்போகல, தூங்குதுன்னு சொல்லிருவேன். மவுஸ செத்த ஆட்டுனா முழிச்சிரும்னு."

மவுஸுக்கு என்ன செய்வீர்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. பஸ் கிளம்பிவிட்டது.